பிராக், ஜனவரி: தரையைப் பார்த்து நடந்த நாட்கள்

ஜனவரி 13, திங்கள்

விமானம் இறங்கியபோது மாலை ஐந்து மணி. வெளியே முழு இருட்டு. அக்காவின் பெட்டி வந்துவிட்டது, என்னுடையது வரவில்லை. ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, குல்லாய் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே பெட்டி நின்றுவிட்டதாம். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிவிட்டு என் மேல்சட்டையை ஒருமுறை பார்த்தார். "பெட்டி நாளை மறுநாள் உங்கள் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் இன்று இரவு மைனஸ் ஆறு. தலைக்கு ஏதாவது வாங்காமல் தெருவில் நடக்காதீர்கள்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அடுத்து வந்த நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் பலரும் இப்படித்தான் இருந்தார்கள்.

அக்கா மகளுக்கு இங்கே சில மாதங்கள் வேலை. "அறை சும்மா கிடக்கிறது சித்தி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அவள் அழைத்ததால் வந்திருக்கிறோம். வீடு வினோஹ்ராடி பகுதியில், நாமெஸ்டி மீரு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். அந்த நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இதுதான் நீளமானது என்றாள். கீழிருந்து மேலே வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. படிக்கட்டு சாய்ந்து ஏறுவதால் எதிரே இறங்குகிறவர்கள் பின்பக்கம் சாய்ந்து நிற்பதுபோலத் தெரிகிறது. அக்கா கைப்பிடியை விடவே இல்லை.

தெருமுனையில் ஒரு வியட்நாமியர் கடை. குல்லாய் 149 குரோனா, கையுறை 89. ஒரு குரோனா அப்போது நம் காசுக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலை ஏழரைக்கு எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். உதித்தாலும் மூடுபனிக்குப் பின்னால்தான்.

பொங்கல் வைக்காமல் நாளைக் கடத்த அக்காவுக்கு மனமில்லை. மறுபடியும் முனைக்கடைக்குப் போனோம். அரிசி இருந்தது, நீளமான மல்லிகை அரிசி, கிலோ 65 குரோனா. பச்சரிசியாகவே வைத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பைத்தான் காணவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினேன். கடைக்கார அம்மாள் படத்தை உற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று திரைக்குப் பின்னால் போய்விட்டார். கோபமோ என்று நினைப்பதற்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு, பளிச்சென்ற மஞ்சளில். மாதக் கடைசியில் அவர்களுக்குப் புத்தாண்டு. இலையில் மடித்து வேகவைக்கும் பசையரிசிப் பலகாரத்துக்குள் இதைத்தான் வைப்பார்களாம். வீட்டுக்கு வைத்திருந்ததில் இரண்டு குவளை அளந்து கொடுத்தார். காசை எடுத்தபோது என் கையைப் பிடித்து மூடிவிட்டார்.

கம்யூனிச ஆட்சிக் காலத்தில் வியட்நாமிலிருந்து தொழிலாளர்களும் மாணவர்களும் ஒப்பந்தத்தின் பேரில் இங்கே வந்தார்கள். 1989இல் ஆட்சி மாறியபின் பலர் திரும்பிப் போகவில்லை. கடை போட்டார்கள். இன்று செக் நாட்டில் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் முனைக்கடைகளில் பெரும்பாலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். அக்கா மகளுக்கு அவசரத்துக்குப் பால், முட்டை, இஞ்சி எல்லாம் அங்கிருந்துதான்.

வெல்லத்துக்குப் பதில் கருஞ்சர்க்கரை, நெய்க்கு வெண்ணெயை உருக்கியாயிற்று. ஏலக்காயும் முந்திரியும் அக்கா பெட்டியில் வந்திருந்தன. பதினொரு மணி சுமாருக்குப் பனி விலகி வெயில் ஒரு கீற்று சமையலறை ஜன்னலில் விழுந்தது. தென் வானத்தில் கூரைகளுக்குச் சற்று மேலே நின்ற சூரியன், உச்சிக்கு ஏறப்போவதில்லை. அக்கா பாத்திரத்தை அப்படியே தூக்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். பொங்கிய நேரத்தில் அடுப்புப் பக்கம் இருந்தது பாத்திரம், வெயில் இந்தப் பக்கம். பரவாயில்லை, சூரியன் பார்த்துவிட்டது என்றாள்.

ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அந்த அம்மாள் நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டார், தலையாட்டினார், இன்னொரு கரண்டி சாப்பிட்டார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அவர்கள் ஊரிலும் உண்டு போலிருக்கிறது. ஆரஞ்சுப் பழங்களை நிரப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 15, புதன்

பெட்டி வந்து சேர்ந்தது. காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு பழைய நகரச் சதுக்கத்துக்குக் கிளம்பினோம்.

இரவு பெய்த தூறல் தரையில் உறைந்திருந்தது. பிராக் நகரத்து நடைபாதைகள் கை விரல் அளவுள்ள சதுரக் கற்களைப் பதித்துச் செய்தவை. வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என மூன்று நிறக் கற்களில் கட்டம், நட்சத்திரம், சாய்சதுரம் என்று தெருவுக்குத் தெரு கோலம் மாறுகிறது. கண்ணுக்கு அழகு, காலுக்குச் சோதனை. எதிரே வந்த பாட்டி ஒருவர் பாதத்தைத் தூக்காமல், குறுகக் குறுக, முழுப் பாதமும் பதிய நடந்தார். அக்கா உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, அடிமேல் அடி. கோபுரங்களுக்குப் பேர்போன ஊரில் நாங்கள் பார்க்கத் தொடங்கியது தரையை.

நகர மண்டபச் சுவரில் உள்ள வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணிக்கு மணி மேலே இரண்டு சிறு ஜன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பதைக் காணத்தான் கூட்டம். எலும்புக்கூடு ஒரு கையால் கயிற்றை இழுத்து மணியடிக்கிறது. பக்கத்தில் நிற்கும் பொம்மைகள் வரமாட்டோம் என்று தலையாட்டுகின்றன. சேவல் கூவியதும் கூட்டம் கலைந்துவிடுகிறது. கலைந்த பிறகு நின்று பாருங்கள். வெளிவட்டத்தில் பொன்னெழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அது பழைய செக் நேரம். சூரியன் மறையும்போது 24, அங்கிருந்து அடுத்த நாள் தொடங்கும். ஆண்டு முழுவதும் மறையும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளையமும் நகர்ந்து ஈடுகொடுக்கிறது. உதயத்திலிருந்து அறுபது நாழிகை எண்ணியவர்கள் நாம். இவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். மாலை நாலரைக்குச் சற்று முன் பொன்முள் 24ஐத் தொட்டது. சதுக்கத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின.

கடிகாரத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனால் தரையில் வெள்ளைக் கல்லில் பதித்த சிலுவைகள். மொத்தம் 27. 1620இல் வெள்ளை மலைப் போரில் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்ற பொஹீமியர்களின் (செக் நாட்டுக்கு அன்றைய பெயர் பொஹீமியா) தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இந்த இடத்தில் மேடை போட்டுக் கொன்றார்கள். அவர்களில் 12 பேரின் தலைகள் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கின. ஒரு நினைவுத்தூணாக உயர்த்தி எழுப்பியிருந்தால் படமெடுத்துக்கொண்டு போயிருப்போம். தரையில் இருப்பதால் மிதிக்காமல் போக வேண்டுமே என்று கால் தானாக விலகுகிறது. அக்கா ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி நடந்தாள். வழுக்கும் தரையில் அது எளிதல்ல.

மதியச் சாப்பாடு சதுக்கத்தை விட்டுத் தள்ளி ஒரு சிறு உணவகத்தில். மதிய நேரப் பட்டியல் என்று தனியாக உண்டு. சூப்பும் ஒரு பதார்த்தமும் 189 குரோனா. அக்கா சைவம். உருளைக்கிழங்கு சூப் கேட்டாள். பரிமாறுகிறவர் உர்ரென்ற முகத்தோடு எழுதிக்கொண்டு போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். "இறைச்சி சாப்பிடுவீர்களா? சாப்பிடமாட்டீர்களா? அப்படியானால் அது வேண்டாம், பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறது" என்று சொல்லி, குலாய்டா என்ற வேறு சூப்பைக் கொண்டுவந்தார். பால் ஏடும் காளானும் சதகுப்பைக் கீரையும் சேர்ந்து, லேசான புளிப்போடு, நடுவில் ஒரு முட்டை. முட்டையை எனக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டாள் அக்கா. எனக்கு க்னெட்லிக்: மாவைப் பிசைந்து நீளமாக உருட்டி, வேகவைத்து, நூலால் துண்டு போட்டது. குழம்பை உறிஞ்சிக்கொள்வதுதான் அதன் வேலை. கால் லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் 55 குரோனா, அரை லிட்டர் பியர் 62. தண்ணீரே குடித்தோம்.

ஜனவரி 16, வியாழன்

இன்று எங்கே போக வேண்டும் என்பதை நான் ஊரிலேயே தீர்மானித்திருந்தேன்.

வென்செஸ்லாஸ் சதுக்கம் பெயருக்குத்தான் சதுக்கம். உண்மையில் 750 மீட்டர் நீளமுள்ள அகலச் சாலை. மேல்கோடியில் தேசிய அருங்காட்சியகம். அதன் முன்னால், நடக்கிற தரையிலேயே ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கிறது. கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கற்கள் அந்த இடத்தில் மேடாகப் புடைத்திருக்க, சிலுவை அவற்றுக்குள்ளிருந்து பாதி எழுந்தது போல இருக்கிறது. 1969 ஜனவரி 16 பிற்பகல் யான் பாலாக் என்ற இருபது வயது மாணவர் இங்கே தன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீவைத்துக்கொண்டார். முந்தைய ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தன. கிடைத்திருந்த கொஞ்சச் சுதந்திரமும் ஒவ்வொன்றாகப் பறிபோனது. மக்கள் சோர்ந்து பழகிப்போகத் தொடங்கியிருந்தார்கள். பத்திரிகைத் தணிக்கையை நீக்கு என்பது அவர் கடிதத்தில் இருந்த கோரிக்கைகளில் ஒன்று. மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி, இறந்தார்.

நாங்கள் போனபோது சிலுவையைச் சுற்றிப் பூக்கொத்துகளும் மூவர்ண நாடா கட்டிய மலர் வளையங்களும் குவிந்திருந்தன. மூடியுள்ள சிவப்புக் கண்ணாடிக் குவளையில் வைத்த மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிந்தன. ஓர் ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மளிகைக் கடையில் 35 குரோனாவுக்கு வாங்கிய மெழுகுவர்த்தியை அக்கா ஏற்றப் பார்த்தாள். காற்றில் தீக்குச்சி அணைந்தது, மறுபடியும் அணைந்தது. பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும், ஒரு பெண் வரிசையை விட்டு வந்து, கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் அக்காவின் கைகளைச் சுற்றி அணையாகக் குவித்தாள். திரி பிடித்தது. தகர மூடியை அவளே மூடிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் இந்தத் துயரம் அறிமுகமில்லாதது அல்ல. திருச்சி ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பா கீழப்பழுவூர் சின்னசாமியைச் சொல்வார். 1964 ஜனவரி 25, இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த நாள். பாலாக்கின் இறுதி ஊர்வலம் நடந்ததும் ஒரு ஜனவரி 25தான், 1969இல். 2009 ஜனவரியில் சென்னையில் முத்துக்குமாரையும் இழந்தோம். இந்தச் சாவுகளைப் புகழ எனக்கு நாக்கு எழவில்லை. ஓர் இளைஞன் இருந்து வாழ்ந்து போராட வேண்டியவன். அவனை அந்த முடிவுக்குத் தள்ளிய ஆட்சிகளை மன்னிக்கவும் முடியவில்லை. ஒல்ஷானி இடுகாட்டில் பாலாக்கின் கல்லறைக்கு மக்கள் பூ வைப்பது நிற்கவில்லை என்பதால், 1973இல் ரகசியப் போலீஸ் உடலைத் தோண்டியெடுத்து எரித்துச் சாம்பலைத் தாயின் ஊருக்கு அனுப்பியது. அந்தக் குழியில் வேறொரு பெண்ணைப் புதைத்தார்கள். பெற்றவள் அதையும் தாங்கியிருக்கிறாள். சாம்பல் மீண்டும் ஒல்ஷானிக்கு வந்தது 1990இல்.

இடையில் 1989 ஜனவரியில், அவருடைய இருபதாவது நினைவு வாரத்தில், இதே சதுக்கத்தில் கூடியவர்கள்மேல் போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. அன்று கைதானவர்களில் ஒருவர் வாக்லாவ் ஹாவல். ஆண்டு முடிவதற்குள் அவர் குடியரசுத் தலைவர்.

திரும்பும்போது டிராமில் ஏறியதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இந்த ஊரில் இது தினமும் நடக்கிறது. தலை நரைத்தவர் ஏறினால் இளைஞர்கள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 17, வெள்ளி

பழைய யூதர் பகுதி. கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 கற்கள். மிகப் பழையது 1439ஆம் ஆண்டினது. யூதர்களுக்கு வேறு நிலம் மறுக்கப்பட்டதால் மண்ணைக் கொட்டிக் கொட்டி, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்குவரை புதைத்திருக்கிறார்கள். கீழடுக்குக் கற்களையும் மேலே தூக்கித் தூக்கி வைத்ததால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இண்டு இடுக்கில்லாமல் நிற்கின்றன. உறைபனி எழுத்துப் பள்ளங்களில் மட்டும் தங்கியிருந்ததால் எபிரேய எழுத்துகள் வெள்ளையாகத் துலங்கின. கோடையில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது.

ஒட்டினாற்போல் பிங்காஸ் தொழுகைக்கூடம். உட்சுவர் முழுவதும், தரையிலிருந்து வளைவு வரை, நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 செக் யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. 1950களில் எழுதிய பெயர்கள் கம்யூனிச ஆட்சியில் அழிந்துபோக, 1990களில் மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். மாடியில் தெரெசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். வீடு, பூ, பட்டாம்பூச்சி. அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது சட்டத்துக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். காவலர் அங்கே உட்காரக் கூடாது என்று சொல்ல வந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

இரண்டு நிமிட நடையில் ஆற்றங்கரையோரம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். பாலாக் படித்தது இங்கேதான்; முன்னால் உள்ள சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர். சுவரில் அவருடைய முகத்தின் வெண்கல வார்ப்பு. 1348இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கமில் சுவெலபில் படித்தார், தமிழும் கற்பித்தார். இந்த ஊரில் பிறந்து, சங்கப் பாடல்களையும் சித்தர்களையும் முருகனையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். 1968 படையெடுப்பு அவரையும் நாட்டைவிட்டுப் பெயர்த்தது. சிகாகோ போனார், பிறகு நெதர்லாந்து. 2009ஆம் ஆண்டு இதே ஜனவரி 17 அன்று மறைந்தார். வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு வந்தேன். தமிழ் படித்தவர்கள் பிராக் வந்தால் சற்று நேரம் இங்கே நிற்க வேண்டும்.

ஜனவரி 18, சனி

கோட்டைக்குப் போக 22ஆம் எண் டிராம். பனிமூட்டத்தில் புனித வீட்டஸ் பேராலயத்தின் கோபுரம் பாதிக்கு மேல் தெரியவில்லை. 1344இல் தொடங்கி 1929இல் முடித்த கட்டடம். உள்ளே வண்ணக் கண்ணாடிகள் இந்த மங்கலான வெளிச்சத்திலும் சுடர்ந்தன. வெளியே உருளைத்தண்டில் மாவைச் சுற்றிச் சுட்டுச் சர்க்கரையில் புரட்டிய திர்தெல்னிக், 130 குரோனா. சூட்டுக்காகச் சாப்பிடலாம்; அந்தக் காசுக்கு இரண்டு துண்டு தேன் கேக் கிடைக்கும், ருசியும் அதுதான். கழிப்பறைக்கு 20 குரோனா.

சார்லஸ் பாலத்தில் காற்று கண்ணில் நீர் வரவைத்தது. கடற்காகங்கள் சிலைகளின் தலைக்கொன்றாக உட்கார்ந்திருந்தன. அதிக நேரம் நிற்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அக்கா மகளுக்கு விடுமுறை. வீட்டை விட்டு இறங்கியதும் வாசல் நடைபாதையில் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலப் பித்தளைச் சதுரத்தைக் காட்டினாள். தினமும் மிதித்துப் பளபளப்பேறியிருந்தது. இந்த வீட்டில் வாழ்ந்தவரின் பெயர், பிறந்த ஆண்டு, 1942இல் எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது வரை பொறித்திருக்கிறது. குந்தர் டெம்னிக் என்ற ஜெர்மன் கலைஞர் தொடங்கிவைத்த வேலை. ஐரோப்பா முழுவதும் பதித்துவருகிறார்கள். இத்தனை நாளும் அதன் மேல் உறைபனி மூடியிருந்தது.

அங்கிருந்து ஷிஷ்கோவ். 216 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம். அதைக் கட்ட 1980களில் பழைய யூதர் இடுகாட்டின் ஒரு பகுதியை அழித்தார்கள். மிச்சமிருக்கும் பகுதியின் கேட் இன்று பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு இடையே மரங்களும் சாய்ந்த கற்களும் தெரிந்தன; நான் பார்க்க வந்தது தெரியவில்லை. 2020இல் வென்செஸ்லாஸ் சதுக்கத்தைப் புதுப்பிக்கத் தரையைப் பெயர்த்தபோது, சில கற்களின் அடிப்பக்கத்தில் எபிரேய எழுத்துகள் இருந்தன. யூதர் கல்லறைக் கற்களை உடைத்துச் சதுரம் சதுரமாக்கி, எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து, கம்யூனிச ஆட்சியில் பாவியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த ஊரும் தெரியாமல் அதன் மேல் நடந்திருக்கிறது. 1989இல் கம்யூனிச ஆட்சி போக வேண்டும் என்று சாவிகளைக் குலுக்கிய கூட்டமும் அந்தச் சதுக்கத்தில்தான் நின்றது. அந்தக் கற்களைத் திரட்டிக் கொண்டுவந்து 2022இல் இந்த வேலிக்கு உள்ளே நினைவிடமாக அமைத்திருக்கிறார்கள்.

"அடுத்த முறை மே மாதம் வாருங்கள் சித்தி. ஊரே பூத்திருக்கும்" என்றாள் அக்கா மகள்.

"மே மாதக் கூட்டத்தில் தரை தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

மதியம் வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும், ஆளுக்கு 195 குரோனா. கடைக்கார அம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். மிச்சமிருந்த ஏலக்காயை அக்கா ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். பாலில் போட வேண்டும் என்று கையால் காட்டினாள். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். நாளை காலை வியன்னாவுக்கு ரயில். நான்கு மணி நேரப் பயணம். அங்கேயும் மைனஸ்தான்.